அந்த உப்பின பேட்டரியை இனி தொடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

நீ ரிமோட் விமானம் ஓட்டும் வீடியோ மூன்றையும் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை போட்டதை மட்டும் ஏழெட்டு தடவை பார்த்திருப்பேன். எதிர்க்காற்றில் கொண்டுவந்து, தரை நெருங்கும்போது மூக்கை லேசாகத் தூக்கி, புல்லில் அலுங்காமல் உட்கார வைத்தாயே, பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரே வாயைத் திறந்து "பரவாயில்லையே" என்றார், நீயே பார்த்துக்கொள். ஆனால் அந்த வீடியோவின் ஆரம்பத்தில் ஒரு நாலு விநாடி, விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு பேட்டரியைச் செருகுகிறாய், ப்ரொப்பெல்லர் உன் வயிற்றைப் பார்த்து இருக்கிறது. மடியிலா வைப்பார்கள்? உனக்கா நான் இதைச் சொல்ல வேண்டும்?

பேட்டரியையும் நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் உப்பியிருக்கிறது. லித்தியம் பாலிமர் உப்பிவிட்டால் உள்ளே வாயு கட்டிவிட்டது, அது திரும்பச் சரியாகாது, சார்ஜில் போடவே போடாதே. நல்ல பேட்டரியைக்கூட ராத்திரி மாட்டிவிட்டுத் தூங்காதே. கட்டில் மேல் வேண்டாம், டைல்ஸ் தரையில் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திரு. 2200 மில்லி ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் போதும், உள்ளே இருக்கும் செல்கள் எல்லாம் சமமாக ஏற பேலன்ஸ் வயரையும் மாட்டு. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது, பறந்து இறக்கியதும் பார்த்தால் 3.5-க்குக் கீழே போயிருக்கக்கூடாது. நாலைந்து நாள் பறக்கப் போவதில்லை என்றால் 3.8-ல் நிறுத்தி வை. நீ தினமும் பறக்கிறாய் போல, அதனால் தேவைப்படாதோ என்னவோ.

நிழல் விழுவதைப் பார்த்தால் காலை பதினொரு மணி இருக்கும். புதன்கிழமை வீடியோவிலும் அதே நிழல். இப்போதெல்லாம் வீட்டிலிருந்தே வேலை என்கிறார்கள், அப்படித்தான் இருக்கும். சரி, அதை விடு.

இங்கே அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. போன வாரம் காட்டுமாடு இரண்டு கீழ் வேலியை முறித்துக்கொண்டு வந்து பீன்ஸ் முழுவதையும் தின்றுவிட்டன. வீடியோவில் வரும் அந்தச் சின்னப் பையன்கள் யார், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளா? விமானத்துக்கு முன்னாலேயே நிற்கிறார்கள். எல்லோரையும் உன் முதுகுக்குப் பின்னால் நிறுத்து. ப்ரொப்பெல்லருக்கு முன்னாலும் வேண்டாம், பக்கவாட்டிலும் வேண்டாம், இறகு தெறித்தால் பக்கவாட்டில்தான் பறக்கும். முதலில் ரிமோட், அப்புறம் பேட்டரி. இறங்கியதும் முதலில் பேட்டரி, கடைசியில் ரிமோட். இதை மாற்றாதே. வீட்டில் மோட்டாரைச் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடு, அப்படியே ஓடவிட்டு ரிமோட்டை அணைத்துப் பார், மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்குப் பறக்காதே.

பொங்கலுக்கு வந்தால் விமானத்தையும் கொண்டு வா, நம் மேடு காலியாகத்தான் கிடக்கிறது. ஆனால் பெங்களூர்க் கணக்கை இங்கே போடாதே. கோத்தகிரியில் காற்று லேசு, கடல் மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு குறைவு. ப்ரொப்பெல்லர் இழுப்பும் குறையும், இறங்கும்போது வேகமும் கொஞ்சம் கூடும், அதைப் பார்த்துப் பயந்து மூக்கைத் தூக்கினால் விழுந்துவிடும். கீழே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறுவது தெரிந்தால் உடனே இறக்கிவிடு. நம் பழைய மஞ்சள் விமானம் மூன்று நாள் சில்வர் ஓக் மரத்தில் தொங்கியது மறந்திருக்காது.

மஞ்சளை எழுதியதும் மனசு கேட்கவில்லை. படுத்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் ஆள்காட்டி விரல். நீ கவனமில்லாமல் கையை விட்டாய் என்றுதான் அம்மாவிடம் சொன்னேன், பெரியப்பாவிடமும் சொன்னேன், பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நடந்தது அதுவல்ல. பேட்டரி மாட்டியாகிவிட்டது, பீப் சத்தம்கூட வந்துவிட்டது. நீ குனிந்து ப்ரொப்பெல்லர் நட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கல்லின் மேல் இருந்த ரிமோட்டை எடுத்தேன். என் பச்சை ஸ்வெட்டரின் கை, மோட்டார் வேகத்தைக் கூட்டும் இடது குச்சியில் மாட்டி மேலே தள்ளிவிட்டது. அந்தக் குச்சிக்கு ஸ்பிரிங் கிடையாது, மேலே போனால் மேலேயே நிற்கும். நான் பார்த்து இழுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு மேல், ரத்தம் வழியும் கையோடு நின்றவனைக் கன்னத்தில் அறைந்தேன், கவனம் வேண்டாமா என்று. தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம், மெயின் ஸ்விட்சைப் பூட்டாமல் ரோலரில் கை வைக்காதே என்று ஒவ்வொருவனுக்கும் சொன்ன எலக்ட்ரீஷியன் நான். ஆறு தையல் போடும்போது நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் குச்சியைத் தள்ளியதை நீ பார்த்தாயா என்று இத்தனை வருஷத்தில் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்திருந்தால், பதின்மூன்று வயதில் அதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாய்.

அம்மாவிடம் நேற்று ராத்திரி சொல்லிவிட்டேன். அவள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

ரிமோட்டில் மோட்டாரை ஓடவிடாமல் நிறுத்தி வைக்கும் த்ராட்டில் கட் ஸ்விட்ச் இருக்கும், அதைப் போட்டுவிட்டுத்தான் பேட்டரியைத் தொட வேண்டும். மடியில் வைக்காதே.

உன் அக்கவுண்ட்டில் நாற்பதாயிரம் போட்டிருக்கிறேன். புது பேட்டரி வாங்கத்தான். பேட்டரிக்கு அவ்வளவு ஆகாது என்று எனக்கும் தெரியும், மீதி உன்னிடமே இருக்கட்டும். கிடைத்ததும் ஒரு வார்த்தை சொல், பகலில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, நான் வீட்டில்தான் இருக்கிறேன்.

அப்பா