ஒரே இடத்துக்குப் போ, பாப்பா

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "வாராவாரம் பிள்ளைகளை எங்கெங்கே கூட்டிக்கொண்டு போகலாம், என்னென்ன செய்யச் சொல்லலாம், ஒரு பட்டியல் அனுப்புங்கள் அப்பா" என்று கேட்டிருந்தாய். பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன். நாலு வரி எழுதியதும் இது உனக்கு உதவப்போவதில்லை என்று பட்டது, கிழித்துவிட்டேன். உங்கள் குடியிருப்பில் பெரியவர்கள் கூடிப் பேசி, பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய் இயற்கையைக் காட்ட ஒரு ஆள் வேண்டுமென்று உன்னைப் பிடித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு வாரம் அருவி, மறு வாரம் காடு, அதற்கடுத்த வாரம் கடற்கரை என்று போனால் அது சுற்றுலா. அதை நடத்த வேறு ஆட்கள் இருக்கிறார்கள், உன்னைவிட நன்றாகவே நடத்துவார்கள்.

நீ ஒரே இடத்தைத் தேர்ந்தெடு. எல்லோரும் நடந்தே போய்ச் சேரக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை. பத்து மரம், கொஞ்சம் புதர், மழை பெய்தால் தண்ணீர் தேங்குகிற ஒரு பள்ளம், ஓரமாய் இடிந்த சுவர் ஒன்று, இவ்வளவு போதும். கத்தரித்து வைத்த புல்வெளியை மட்டும் எடுக்காதே, அங்கே பார்க்க ஒன்றுமில்லை. புதரும் வெட்டவெளியும் சேருகிற ஓரங்கள்தான் பூச்சிக்கும் பறவைக்கும் பிடித்த இடம். வருஷம் முழுக்க, அதே பிள்ளைகளோடு, அங்கேயே போ.

முதல் சில வாரம் பிள்ளைகளுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். "திரும்பவும் இங்கேயா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். அலுப்பு தீர்ந்த பிறகுதான் கண் வேலை செய்ய ஆரம்பிக்கிறது.

குழியானை என்கிற பூச்சியை எடுத்துக்கொள். மழை படாத சுவரோரத்துப் புழுதியில் புனலை அழுத்தி எடுத்ததுபோல் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். முதல் நாள் பிள்ளைகள் அதை மிதித்துக்கொண்டே போய்விடுவார்கள். இரண்டாம் முறை யாராவது ஒருத்தி குனிந்து பார்ப்பாள். ஒரு எறும்பு விளிம்பில் கால் வைக்கும், மணல் சரியும், அது மேலே ஏறப் பார்க்கும், அடியிலிருந்து யாரோ மணலை வாரி அதன்மேல் வீசுவார்கள். அந்தச் சரிவு, மணல் உதிராமல் நிற்கக்கூடிய கடைசி எல்லையில் கட்டியது, அதனால்தான் எறும்பின் எடைக்கே சரிகிறது. அடியில் இரண்டு கொடுக்குத் தாடைகள் தெரியும். எறும்பின் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை வெளியே எறிந்துவிடும். பின்பக்கமாகவே நடக்கிற பூச்சி அது. இன்னொன்றும் சொல், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்: புழுப் பருவம் முடியும்வரை அதற்குக் கழிவு போக வழியே கிடையாது. எல்லாவற்றையும் உள்ளே சேர்த்து வைத்து, சிறகு முளைத்த பிறகுதான் வெளியேற்றும்.

ஒரு வாரம் அந்தக் குழி இருக்காது. செத்துவிட்டதா என்று கேட்பார்கள். பட்டு நூலும் மணலும் சேர்த்துப் பின்னிய உருண்டைக் கூட்டுக்குள் அது மண்ணுக்கடியில் கிடக்கலாம், வேறிடத்துக்கு நகர்ந்தும் இருக்கலாம். கூட்டிலிருந்து வருவது தும்பியின் சாயலில் இருக்கும், ஆனால் முனை தடித்த உணர்கொம்புகள் இருக்கும். இரவில் விளக்கைத் தேடி வரும். ஒரே ஒரு நாள் போனவருக்கு இதில் எது தெரியும்? மிஞ்சிப்போனால் ஒரு குழி.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்று ஒருவர் இருந்தார். 1736இல் தன் பண்ணை நிலத்தில் முதல் தகைவிலான் குருவி என்றைக்கு வந்தது, ஓக் மரம் என்றைக்கு இலை விட்டது, தவளை என்றைக்குக் கத்தியது என்று குறித்து வைக்கத் தொடங்கினார். அவர் போன பிறகு மகன், பேரன் என்று அந்தக் குடும்பமே 1958 வரை எழுதிக்கொண்டு வந்தது. எல்லாம் ஒரே இடத்துக் குறிப்பு. அமெரிக்காவில் தோரோ என்ற எழுத்தாளர் 1850களில் கான்கார்ட் ஊரில் எந்தச் செடி என்றைக்குப் பூத்தது என்று எழுதி வைத்தார். ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதே ஊரில் ஆய்வாளர்கள் அதே செடிகளைத் தேடிப் பார்த்து, பல செடிகள் இப்போது முன்கூட்டியே பூக்கின்றன என்று காட்ட முடிந்தது. பருவநிலை மாறுவதைப் பற்றி வகுப்பெடுப்பதைவிட, "போன வருஷம் இந்த மரம் எப்போது பூத்தது, நோட்டைப் பார்" என்று ஒரு பையனிடம் சொல்வது நன்றாக ஏறும்.

அப்புறம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு உட்காரும் இடம் கொடு. அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். உன் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில், ஒருவருக்கொருவர் பேச முடியாத இடைவெளியில். நாம் உள்ளே நுழைந்ததும் பறவைகள் கத்தி விலகும், அப்புறம் ஓசை அடங்கும். அசையாமல் உட்கார்ந்தால் கால் மணி, இருபது நிமிஷத்தில் பழையபடி இரை தேட வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் ஐந்து நிமிஷமே பெரிய விஷயம், வற்புறுத்தாதே.

உட்காரப் பழகிய பிள்ளைக்குப் பறவைச் சத்தம் பிரிந்து கேட்க ஆரம்பிக்கும். மேலே பருந்தினம் பறந்தால் சின்னப் பறவைகள் பல மெல்லிசாய், நீளமாய் 'ஸீ' என்று ஒரு குரல் எழுப்பும், எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாது. அதே பறவைகள் கிளையில் உட்கார்ந்திருக்கும் ஆந்தையைக் கண்டால் கூட்டம் கூடிக் கரகரவென்று திட்டும். அந்தச் சத்தம் ஆந்தை இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கத்தான். இந்த வேறுபாட்டைப் பீட்டர் மார்லர் என்ற பறவைக் குரல் ஆய்வாளர் 1955இல் விளக்கினார். வட அமெரிக்காவில் சிக்கடி என்றொரு சின்னக் குருவி, தன் கூப்பாட்டின் கடைசியில் 'டீ, டீ' என்று இழுக்கும். எதிரி எவ்வளவு ஆபத்தானதோ அவ்வளவுக்கு 'டீ' கூடுகிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். பெரிய ஆந்தையைவிடச் சின்ன ஆந்தைக்குத்தான் அதிக 'டீ', ஏனென்றால் வளைந்து துரத்திப் பிடிக்கக்கூடியது சின்னதுதான். உங்கள் இடத்தில் இருப்பவை வேறு பறவைகளாக இருக்கலாம். எந்தப் பறவை எதற்கு எப்படிக் கத்துகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். பூனை எந்தப் புதருக்குள் இருக்கிறதென்று பார்க்காமலேயே ஒருத்தி சொல்லும் நாள் வரும், அன்றைக்கு எனக்கு ஃபோன் செய்.

பெயர் சொல்வதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிள்ளை "இது என்ன?" என்று கேட்டால் பதிலே சொல்லாமல் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று திருப்பிக் கேட்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரிந்தால் பெயரைச் சொல்லிவிடு. பெயர் தெரிந்த பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லும், அடுத்த வாரம் அதைத் தேடும். சொல்லிவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேள்: "இது ஏன் இந்த மரத்தில் மட்டும் இருக்கிறது?" அந்த மாதிரி. பெயர் உனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் படம் வரையச் சொல். படம் வரைகிறவன் பூச்சிக்கு எத்தனை கால் என்று எண்ணியே ஆக வேண்டும்.

பெரியவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீ ஒருத்தி எல்லாம் தெரிந்தவளாக இருக்கத் தேவையில்லை, இருக்கவும் முடியாது. உங்கள் குடியிருப்பில் யாரோ தோட்டவேலை செய்கிறார், யாரோ மீன் பிடிக்கிறார், யாரோ ஒரு பாட்டிக்கு மழை வருவதற்குமுன் எறும்பு என்ன செய்யும் என்று தெரியும். அவர்களைக் கூப்பிடு. மேடையில் நிறுத்திப் பேசச் சொல்லாதே, கூச்சப்படுவார்கள். கூடவே நடக்கச் சொல், தானாக வாய் திறப்பார்கள். ஆப்பிரிக்காவின் கலஹாரியில் சான் மக்களிடம் விலங்குத் தடம் பார்க்கிற அறிவு அபாரமானது. ஆனால் அந்த வல்லுநர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாததால், அவர்கள் பார்ப்பது எந்த ஆவணத்திலும் ஏறவில்லை. 1990களில் லூயிஸ் லீபன்பெர்க் என்பவர் அதற்காகவே எழுத்துக்குப் பதில் படங்களைத் தொட்டுப் பதிவுசெய்கிற சைபர்டிராக்கர் என்ற மென்பொருளை உருவாக்கினார். தடம் பார்க்கும் திறமைக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் முறையையும் தொடங்கினார். பட்டம் இல்லாதவரையும் ஆசிரியர் இடத்தில் உட்கார வைக்கலாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

வயது பிரித்துக் குழு போடாதே. ஆறு வயதும் பதிமூன்று வயதும் சேர்ந்தே வரட்டும். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சுமார் இருபது பையன்களை வைத்து முகாம் நடத்தினார். வசதியான வீட்டுப் பையன்களும் உழைக்கும் வர்க்கத்துப் பையன்களும் கலந்திருந்தார்கள். அவர்களை நாலு அணியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்த பையனையே தலைவனாகப் போட்டார். சாரணர் இயக்கத்தின் சீருடை, கொடி, வரிசையெல்லாம் எனக்கு ஒத்துவராது, உனக்கும் ஒத்துவராது என்றுதான் நினைக்கிறேன். அந்த அணி ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள். சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் பெரியவள் தனக்கு எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பாள். நாளைக்கு உனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தால் பிள்ளைகளை நம் இடத்துக்குக் கூட்டிப் போகப்போவதும் அவள்தான்.

சில பெற்றோர் "இதனால் மார்க் வருமா?" என்று கேட்பார்கள். கோபப்படாதே. மார்க்கைப் பற்றிப் பேசாமல் கண்ணைப் பற்றிச் சொல். சீனாவில் குவாங்சோ நகரத்தில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஒரு ஆய்வு நடந்தது, 2015இல் முடிவு வெளியானது. பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியில் இருக்க வகுப்பு வைத்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். இதைச் சொன்னால் சிலர் அனுப்புவார்கள். ஆனால் மருந்துக் கடைக்காரர் மாதிரி இதையே சொல்லிக்கொண்டிருக்காதே. பெற்றோர் கூட வந்தால் சும்மா நிற்க விடாதே, தண்ணீர்ப் பை தூக்கவோ, கடைசி ஆளாக நடக்கவோ ஒரு வேலை கொடு. வேலை இல்லாத பெரியவர்தான் "தொடாதே, சேறு" என்று கத்திக்கொண்டிருப்பார்.

இனிச் சொல்வதில் பேச்சுக்கே இடமில்லை. முதலுதவி முறையாகக் கற்றுக்கொள், யூடியூப் பார்த்து அல்ல. எந்தப் பிள்ளைக்குத் தேனீ கொட்டினால் ஒவ்வாமை, யாருக்கு ஆஸ்துமா என்று வீட்டில் எழுதி வாங்கு. போகும்போது, திரும்பும்போது, நடுவிலும் தலை எண்ணு. கல்லைப் புரட்டினால் தன் பக்கம் தூக்க வேண்டும், பொந்துக்குள் கை விடக் கூடாது, புரட்டிய கல்லைத் திரும்ப அப்படியே வைக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள் போய்விடு, கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் ஆகும்வரை வெளியே வராதே. எந்தப் பெரியவரும் ஒரே ஒரு பிள்ளையோடு தனியாக ஒதுங்கக் கூடாது, நீ உட்பட. எப்போதும் இரண்டு பெரியவர்கள். இதைச் சொன்னால் யாராவது முகம் சுளித்தால் அவரைச் சேர்க்காதே.

இவ்வளவு கட்டுப்பாடு சொல்லிவிட்டு இதையும் சொல்கிறேன்: மரம் ஏறுவதைத் தடுக்காதே. விழுந்தால் சிராய்ப்பு வரும் உயரமா, எலும்பு முறியும் உயரமா, கிளை பச்சையா பட்டதா, அதை மட்டும் பார். எவ்வளவு உயரம் வரை தன்னால் முடியும் என்று அந்தப் பிள்ளைக்கே தெரிய வேண்டும். கீழிருந்து தூக்கி ஏற்றிவிடாதே, தானாக ஏறியவன் பெரும்பாலும் தானாக இறங்குவான்.

பேசாமலேயே ஒரு பையன் வருகிறான் என்று எழுதியிருந்தாயே, அவனைப் பேச வைக்க முயலாதே. மூன்று வாரமாக வருகிறான் இல்லையா, அவனுக்குப் பிடித்திருக்கிறது. நோட்டு எழுதும் வேலையை அவனிடம் கொடுத்துப் பார். தேதி, நேரம், வானம் எப்படி, என்ன பார்த்தோம், யார் முதலில் பார்த்தார்கள், இவ்வளவுதான் எழுத வேண்டும். நோட்டு கெட்டி அட்டையோடு இருக்கட்டும், பென்சிலால் எழுதட்டும், நனைந்தால் பேனா மை பரவிவிடும். அதை உன் வீட்டில் வைத்துக்கொள்ளாதே, குடியிருப்பின் பொது அறையில் எல்லோரும் எடுத்துப் பார்க்கிற மாதிரி வை.

அடுத்த கடிதத்தில் நீ தேர்ந்தெடுத்த இடத்தின் படம் ஒன்று கையாலேயே வரைந்து அனுப்பு. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, நிழல் எங்கே என்று குறி. நீ சொன்ன அந்தக் காலி மனைதான் என்றால், நிலத்துக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டாயா? பக்கத்தில் கட்டாமல் திரிகிற நாய் யாருடையது என்பதையும் முதலில் விசாரி.

அன்புடன்,
அப்பா