மருத்துவமனைக்காக ஜாஸ் கச்சேரி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்க நகரங்களில் உள்ளூர் மருத்துவமனைகளின் சேவைக்கென ஜாஸ் கச்சேரி நடத்தி நிதி திரட்டும் குழுக்கள் அனைத்துக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். உங்கள் மேடையில் வாசிப்பவர்களுக்கு, 'நல்ல காரியம்தானே' என்று சொல்லிக் குறைக்காமல், முழுச் சன்மானம் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த இசைக்கும் மருத்துவமனைக்கும் உள்ள உறவுக்கு நியூ ஜெர்சியின் எங்கில்வுட்டைத் தவிர வேறு நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. கன்னங்களைப் பந்துபோல் உப்பவைத்து, ஒலி வெளிவரும் முனை மேல்நோக்கி வளைந்த டிரம்பெட்டை ஊதிய ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி, கணையப் புற்றுநோயால் 1993 ஜனவரி 6 அன்று தம் 75ஆம் வயதில் அவ்வூர் மருத்துவமனையில்தான் காலமானார். தமக்குக் கிடைத்த சிகிச்சை, கட்டணம் செலுத்த வழியில்லாத ஜாஸ் கலைஞர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதன் பயனாக அவர் பெயரில் ஒரு நிதி உருவானது. 1989இல் தொடங்கிய ஜாஸ் ஃபவுண்டேஷன் ஆஃப் அமெரிக்கா அம்மருத்துவமனையோடு சேர்ந்து, காப்பீடு இல்லாத கலைஞர்களை அங்கே அனுப்பிவந்தது.

காப்பீடு ஏன் இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்நாட்டில் உழைக்கும் வயதினர் பலருக்கு மருத்துவக் காப்பீடு வேலையோடு வருவது. இன்று ஒரு கிளப்பிலும் நாளை ஒரு திருமணத்திலும் வாசிப்பவருக்கு முதலாளி என்று யாரும் இல்லை. பொதுவாக 65 வயதில் கிடைக்கும் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடும் வழக்கமான பல் சிகிச்சையை ஏற்பதில்லை. டிரம்பெட் ஊதுபவருக்கோ முன்பல்தான் பிழைப்பு. 1966இல் தாக்கப்பட்டு வாயில் காயமடைந்த டிரம்பெட் கலைஞர் செட் பேக்கர், பின்னர் செயற்கைப் பல்வரிசையுடன் ஊதுவதைப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. (திரட்டும் நிதியில் பல்லுக்கும் காதுக்கும் ஒரு பங்கு ஒதுக்கினால் இன்னும் நன்று.)

ஆக, உங்கள் மேடையில் சாக்சபோன் வாசிப்பவரே நாளை உங்கள் மருத்துவமனையின் இலவசப் பிரிவில் வரிசையில் நிற்கக்கூடும். அவரிடம் ஒரு மாலை வருமானத்தை வாங்கி, அதையே பிறகு உதவியாகத் திருப்பித் தருவதை அறம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

சன்மானம் கொடுத்தால் மருத்துவமனைக்குச் சேரும் தொகை குறையுமே என்பீர்கள். குறையத்தான் செய்யும். ஆனால் அரங்க வாடகை, ஒலிபெருக்கி, உணவு, அச்சுக்கூலி ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்கும் கணக்கில், மக்கள் யாருக்காகச் சீட்டு வாங்கினார்களோ அவர் மட்டும் ஏன் இலவசம்? இதில் வரிச் சட்டத்தின் முரண் வேறு. அறநிறுவனக் கச்சேரிக்குச் சீட்டு வாங்கியவர், கச்சேரியின் மதிப்புக்கு மேல் தந்த பகுதியை நன்கொடையாகக் காட்டி வரிக்கழிவு கோர இடமுண்டு; இலவசமாக வாசித்தவர் தம் உழைப்பின் மதிப்பை அப்படிக் காட்ட இயலாது. வசதியுள்ள பெரிய கலைஞர் சன்மானத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்க விரும்பினால், காசோலையாகவே கொடுக்கட்டும். நன்கொடையாளர் பட்டியலில் அவர் பெயரும் ஏறட்டும்.

கலைஞருக்கு வேலை தருவதும் உதவிதான் என்பதை அந்த ஃபவுண்டேஷனே காட்டியிருக்கிறது. 2005இல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சிதைத்தபோது, பிழைப்பிழந்த கலைஞர்களுக்கு அது பண உதவியோடு நிற்காமல், பள்ளிகளில் வாசிக்க வைத்து ஊதியமும் கொடுத்தது.

அடுத்த கச்சேரிக்கு வரவுசெலவுத் திட்டம் எழுதும்போது, மேடைப் பூக்களுக்கு முன்பாகக் கலைஞர் சன்மானத்தை எழுதுங்கள். அழைப்பிதழிலும் 'வாசிப்பவர்களுக்கு முழுச் சன்மானம் வழங்கப்படுகிறது' என்று ஒரு வரி அச்சிடுங்கள். சீட்டின் விலை அதனால் சற்று ஏறினாலும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜாஸ் ரசிகர்