இருபது சேக்கல்

அன்புள்ள மச்சான்,

ஏழு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை எல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அண்ணாச்சி சொன்னார். சொட்டு மருந்தை நீயே பக்கத்தில் நின்று விடு. விடாமலே விட்டாயிற்று என்று சொல்லும் ஆள் அத்தை. நம் வார்டன் போன மாதம் இறந்துபோனாராம். தண்ணீர்த் தொட்டி விஷயத்தை அவர் கடைசி வரை கண்டுபிடிக்கவே இல்லை.

இப்போது எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். என் பையன், உன் மருமகன், என்னோடு பேசி 19 நாள் ஆகிறது. உன் தங்கச்சி பேசுகிறாள், ஆனால் "சாப்பாடு எடுத்து வச்சிருக்கேன்" என்பதைத் தாண்டிப் பேச்சு இல்லை.

அவனுக்கு ஏழு வயதில் டெங்கு வந்தது உனக்கு மறந்திருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு ரத்தம் கொடுக்க பைக்கில் வந்தவன் நீ. பிளேட்லெட் 11,000க்கு இறங்கிவிட்டது என்று சொன்னார்கள். நீ கீழே படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாய். நான் மாடிப்படியில் முழங்கால் போட்டு ஒரு பொருத்தனை செய்தேன். உங்கள் வீட்டில் நேர்த்திக்கடன் என்பீர்களே, அதுதான். "இவனைத் திருப்பித் தாரும் ஆண்டவரே, உம்முடைய ஊழியத்துக்கே கொடுத்துவிடுகிறேன்." உன்னிடம்கூடச் சொல்லவில்லை. 11 வருஷம் உள்ளேயே வைத்திருந்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு, கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பம் போடப் போகிறேன் என்று அவன் சொன்ன ராத்திரிதான் வாயைத் திறந்தேன். நீ இறையியல் கல்லூரிக்குத்தான் போக வேண்டும், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

அவன் "அப்பா" என்றான். அதற்கு மேல் ஏதோ சொல்ல வந்தான். "இதில் பேச ஒன்றும் இல்லை" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உன் தங்கச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இத எங்கிட்ட எப்ப சொல்லலாம்னு இருந்தீங்க?"

சபையில் விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்கு, கடவுள் கேட்டார் என்று மகன் ஈசாக்கைப் பலியிடப் போன ஆபிரகாமை எடுத்துக் காட்டினார்கள். ஆபிரகாம் தயங்கவில்லை, நீங்களும் தயங்காதீர்கள் என்றார்கள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அந்த வீம்பில்தான் வேதாகமத்தில் அந்தக் கதை வரும் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தை மறுபடியும் எடுத்தேன். விடுதியில் நீ, சிவனடியாருக்காகப் பிள்ளை சீராளனையே கறி சமைத்த சிறுத்தொண்டர் கதை சொன்ன அன்று நான் போட்டிக்குச் சொன்னேனே, அதே கதை. அன்றைக்கு முடிவை மட்டும்தான் சொல்லியிருப்பேன்: கத்தியை எடுத்தான், தூதன் தடுத்தான், புதரில் கொம்பு சிக்கிய ஆட்டுக்கடா கிடைத்தது. இந்தத் தடவைதான் அந்த மலைக்குப் போகும் வழியைப் படித்தேன்.

அதிகாலையில் எழுந்து கழுதைக்குச் சேணம் கட்டுகிறான், விறகைப் பிளக்கிறான். மூன்றாம் நாள் தூரத்தில் மலை தெரிகிறது. வேலைக்காரரை நிறுத்திவிட்டு விறகைப் பையன் தோளில் வைக்கிறான். நெருப்பையும் கத்தியையும் தன் கையில் வைத்துக்கொள்கிறான். பிள்ளையின் கையில் ஆபத்தானது எதுவும் இருக்கக்கூடாது என்று பார்க்கிற தகப்பன் கை அது. எனக்கு அந்த இடத்தில் படிப்பு ஓடவில்லை. அப்புறம் பையன் "என் தகப்பனே" என்று கூப்பிடுகிறான். இவன் "என் மகனே, இதோ, இருக்கிறேன்" என்கிறான். அதிகாரத்தின் தொடக்கத்தில் கடவுள் கூப்பிட்டபோது "இதோ அடியேன்" என்றான் இல்லையா? எபிரெயத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தானாம், 'ஹினேனி'. நம் தமிழ் வேதாகமம்தான் கடவுளுக்கு ஒரு மாதிரியும் மகனுக்கு ஒரு மாதிரியும் பிரித்துவிட்டது. கடவுளுக்குச் சொன்ன பதிலையே, அதே முழுமனதோடு, மகனுக்கும் சொன்னான் அந்த மனுஷன். நெருப்பும் கட்டையும் இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே என்று பையன் கேட்டதற்கும் பதில் சொன்னான். பேச ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. உன் கதையில் சீராளனின் தாய் கூடவே இருக்கிறாள்; அவளிடம் சொல்லித்தான் எல்லாம் நடக்கிறது. ஆபிரகாமின் மனைவி சாராள் இந்த அதிகாரத்திலேயே இல்லை. 90 வயதில் பெற்றவள், அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதாக எழுதவில்லை. அடுத்த அதிகாரம் திறந்ததுமே 127 வயதில் எபிரோனில் இறந்துபோகிறாள். ஆபிரகாம் மலையிலிருந்து திரும்பியதோ பெயெர்செபாவுக்கு. பழைய யூத மதகுருக்களான ரபிமார் இதைச் சும்மா விடவில்லை. மலையில் நடந்ததை யாரோ வந்து சொல்ல, அவள் ஆறு முறை கதறி உயிரை விட்டாள், புத்தாண்டு நாளில் ஊதும் ஆட்டுக்கடாக் கொம்பின் ஓசை அந்தக் கதறல்தான் என்று ஒரு கதை சொல்கிறார்கள். இதைப் படித்த அன்று சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் பேசத் தைரியம் வரவில்லை, மச்சான்.

இவ்வளவுக்கு அப்புறமும் நான் ஆபிரகாம் பக்கம் நிற்பதாகத்தான் நினைத்திருந்தேன். போன ஞாயிறு எங்கள் சபையின் ஓய்வுபெற்ற போதகர் ஐயரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆபிரகாமுக்கு ஆண்டவர் சொன்னார். உங்களுக்கு யார் சொன்னா?" என்றார். பதில் இல்லை. "நியாயாதிபதிகள் 11 படிங்க" என்று அனுப்பிவிட்டார்.

அது யெப்தாவின் கதை. உனக்கு நான் சொன்னதே இல்லை. அம்மோனியரோடு சண்டைக்குப் போகும்போது, ஜெயித்துத் திரும்பினால் என் வீட்டு வாசலிலிருந்து எனக்கு எதிர்கொண்டு வருவதைத் தகனபலியாகத் தருகிறேன் என்று பொருத்தனை செய்கிறான். அப்படிச் செய் என்று கடவுள் கேட்கவே இல்லை. ஜெயித்து வருகிறான். தம்புரு அடித்து ஆடிக்கொண்டு முதலில் வருகிறவள் அவன் ஒரே மகள். அவளைப் பார்த்ததும் உடையைக் கிழித்துக்கொண்டு, நீ என்னை நிலைகுலைய வைத்துவிட்டாயே என்று அவளையே சொல்கிறான். வாயைத் திறந்தவன் இவன், பழி அவள் மேல்! அவள் இரண்டு மாதம் தவணை கேட்டு, தோழிகளோடு மலைகளில் திரிந்து அழுதுவிட்டுத் திரும்பி வருகிறாள். அவளுக்குப் பெயர்கூட எழுதவில்லை. எபிரெயர் நிருபம் 11இல் விசுவாச வீரர் வரிசையில் யெப்தா பெயர் மட்டும் இருக்கிறது. அவளைக் கொல்லவில்லை, காலமெல்லாம் கன்னியாக வைத்தான் என்று சொல்கிற உரைகாரர்களும் உண்டு. எனக்கு அது பெரிய ஆறுதலாக இல்லை.

ரபிமார் இவனை மன்னிக்கவே இல்லை. பொருத்தனையைத் தீர்த்துவைக்கப் பிரதான ஆசாரியன், அதாவது தலைமைப் பூசாரி, பினெகாஸ் இருந்தானாம். நான் ஆசாரியன், அவனிடம் நானா போவது என்று அவனும், நான் தலைவன், நானா போவது என்று இவனும் இருந்துவிட்டார்களாம். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெண் போய்விட்டாள்.

லேவியராகமம் 27ஐயும் ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். ஆளையே நேர்ந்துகொண்டால் அதற்குப் பதிலாக வெள்ளி செலுத்தலாம் என்று அங்கே கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. 5 வயது முதல் 20 வயதுக்குள் ஆண்பிள்ளைக்கு 20 சேக்கல், பெண்பிள்ளைக்கு 10. அவ்வளவும் கொடுக்க முடியாத ஏழைக்கு, அவன் சக்திக்குத் தக்கபடி ஆசாரியன் மதிப்பிட வேண்டும். 20 சேக்கல் என்றால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த வெள்ளி, மச்சான். இரண்டு ஜோடி கொலுசு எடை வருமா? வாய் தவறுகிற மனுஷனுக்கு ஒரு கதவு திறந்தே இருந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அழுதேன்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பொருத்தனை பண்ணினால் செலுத்தத் தாமதியாதே என்று வேதாகமத்தின் பிரசங்கி புத்தகத்திலும் எழுதியிருக்கிறது. அன்றைக்கு அவர் என் பிள்ளையைத் திருப்பித் தந்தார், அது எனக்குச் சத்தியம். ஆனால் கடன் என்னுடையது. நான் என்ன செலுத்த வேண்டும் என்று ஐயரும் நானும் உட்கார்ந்து பேசப்போகிறோம். அவன் ஊழியத்துக்குப் போனால் அவனை ஆண்டவர் கூப்பிட்டுப் போகட்டும்.

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். சாதிச் சான்றிதழையும் மார்க்‌ஷீட்டையும் பீரோவிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்திருக்கிறேன். முதலில் உன் தங்கச்சியிடம் போகிறேன், அப்புறம் அவன் கதவைத் தட்டுகிறேன். அன்றைக்கு "அப்பா" என்று கூப்பிட்டு என்ன சொல்ல வந்தான் என்று கேட்க வேண்டும்.

சனிக்கிழமை நீ வந்துவிடு. அவன் உடம்பில் உன் ரத்தமும் ஓடுகிறது, உன்னிடம் பேசுவான். அத்தையிடம் கேட்டு நாரத்தங்காய் ஊறுகாய் கொண்டு வா, உன் தங்கச்சி கேட்டாள் என்று சொல்.

உன்,
மூன்றாம் மாடி அறைக்காரன்