ரத்தம் கொடுத்தவர்களுக்கும், கொடுக்காமல் திரும்பியவர்களுக்கும்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

ஜூன் 7 ஞாயிற்றுக்கிழமை, கடலூர் முதுநகர் துறைமுகத்தை ஒட்டிய நம் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் நடந்த ரத்த தான முகாமுக்குக் கைகொடுத்த அத்தனை பேருக்கும் வணக்கமும் நன்றியும்.

கோடையில் கல்லூரிகளுக்கு விடுமுறை. மாணவர்களை நம்பி நடக்கும் முகாம்கள் நின்றுபோகும். பிரசவமும் விபத்தும் விடுமுறை பார்ப்பதில்லை. அதே சமயம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். உலக ரத்த தான தினமும் ஜூன் 14 தானே, அன்றைக்கே வைக்கலாமே என்று சிலர் ஆசையோடு கேட்டார்கள். அன்று படகில் ஐஸ் ஏறும், வலை ஏறும், மறுநாள் கடல். ரத்தம் கொடுத்த கையால் 24 மணி நேரத்துக்குப் பாரம் இழுக்கக் கூடாது. அதை யோசித்து ஒரு வாரம் முன்னால் தள்ளிக் கொடுத்த ஊர் நாட்டாருக்கு முதல் நன்றி.

விடியற்காலையிலேயே இட்லி அவித்து இறக்கிய அக்காமார்களுக்கு அடுத்தது. வெறும் வயிற்றோடு வந்து படுப்பவருக்கு எளிதில் மயக்கம் வரும். சாப்பிட்டு, அரை லிட்டர் தண்ணீரும் குடித்துவிட்டு வந்தால் நரம்பு புடைத்து நிற்கும், ஊசி ஒரே குத்தில் இறங்கும், ரத்தம் தடையில்லாமல் ஓடும். தண்ணீர் போதாத உடம்பில் ஓட்டம் சொட்டுச் சொட்டாகிவிடும். 350 மில்லி ரத்தம் பிடிக்கும் பையில், உறையாமல் இருக்க 49 மில்லி மருந்து முன்கூட்டியே இருக்கிறது. பாதியில் ரத்தம் நின்றுவிட்டால் அந்த அளவுக்கு மருந்து அதிகமாகிவிடும், பையை ஒதுக்கித்தான் ஆக வேண்டும். பை நிறைய 15 நிமிடத்தைத் தாண்டினால் அதிலிருந்து ரத்தக்கசிவை நிறுத்தும் தட்டணு, அதாவது பிளேட்லெட், பிரிக்க முடியாது. ஆகவே அன்று நிறைந்த பைகளில் அந்த இட்லிக்கும் பங்கு உண்டு.

கட்டிலில் படுத்துப் பந்தை நிதானமாக அமுக்கியவர்களுக்கும், எழுந்த பிறகு கையை மடக்காமல் நீட்டி வைத்து ஐந்து நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடித்தவர்களுக்கும் நன்றி. மடக்கினால் ஊசி போன துளை சரியாக அடையாது. உள்ளே ரத்தம் கசிந்து மறுநாள் முழங்கை நீலம் பாயும். அதைப் பார்த்துப் பயந்து அடுத்த முறை வராமல் போகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த மடலை எழுத உட்கார்ந்ததே திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்காகத்தான். படிவத்தில் கேட்கும் கேள்விகள் கூச்சம் தருபவை. “நேற்று ராத்திரி குடித்தேன்” என்று ஒருவர் நான்கு பேர் முன்னால் சொன்னார். இன்னொரு தம்பி, கையில் பச்சை குத்தி ஓராண்டு ஆகவில்லை என்று தானே காட்டினார். டெங்கு வந்து குணமாகி ஆறு மாதம் ஆகாதவர் அதை மறைக்கவில்லை. ஒவ்வொரு பையையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் சோதிப்பார்கள். ஆனாலும் கிருமி உடம்புக்குள் நுழைந்த முதல் சில நாட்கள் எந்தச் சோதனையிலும் அது சிக்காது. அந்த இடைவெளியை அடைப்பது கொடையாளர் சொல்லும் உண்மை மட்டும்தான். தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டதாகச் சொன்ன அண்ணனுடைய பையில் ஒரு குறிப்பு எழுதி ஒட்டினார்கள். அதில் சிவப்பணு எடுக்கலாம்; மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டவரின் தட்டணு ரத்தத்தை நிறுத்தாது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால், ரத்தக்கசிவோடு கிடக்கும் யாருக்கோ உதவாத தட்டணு ஏறியிருக்கும்.

மீன் விற்கும் அக்காமார்களில் பலர் மயில்துத்த (காப்பர் சல்பேட்) கரைசல் சோதனையோடு நின்றுவிட்டார்கள். விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு அந்த நீலத் தண்ணீருக்குள் 15 நொடிக்குள் மூழ்கினால் ரத்தம் கொடுக்கத் தேவையான ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்கிறது என்று பொருள். மிதந்தால் குறைவு. தன் சொட்டு சிவப்பு மணியாக நடுவிலேயே தொங்கி நிற்பதை ஓர் அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா, உங்களுக்கு நன்றி. இனி உங்கள் உடம்பையும் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள், இரும்பு உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் ஒட்டும்.

வேனை வெயிலில் நிறுத்தாமல் பூவரச நிழலில் நிறுத்திய ஓட்டுநர் அண்ணன் செய்தது சின்ன வேலை இல்லை. சிவப்பணுவை 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்தால் 35 நாள் இருக்கும். தட்டணுவுக்குக் குளிர் ஆகாது. 20 முதல் 24 டிகிரியில், கரையில் கட்டிய படகு போல ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், அப்படியும் ஐந்தே நாள்தான் ஆயுள். ரத்தம் எடுத்த எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும். வழியில் ஐஸ் நேராகப் பட்டால் சிவப்பணு உடைந்து பை முழுவதும் பாழ். நடுவில் அட்டை வைத்து அடுக்கிய தம்பிகளுக்குத் தனி நன்றி.

இந்தப் பைகள் யாருக்குப் போகும் என்று எங்களுக்கும் தெரியாது. பையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பிரசவத்தில் ரத்தம் நிற்காத ஒரு தாய்க்குப் போகலாம். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே வளரும் தலசீமியா குழந்தைக்குப் போகலாம். உங்கள் ஒரு பையே பிரிந்து, சிவப்பணு ஒருவருக்கும், தட்டணு இன்னொருவருக்கும், உறைநிலையில் ஓராண்டு வரை காக்கும் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) அடுத்த கோடையில் மூன்றாமவருக்கும் சேரலாம்.

ரத்த வங்கியிலிருந்து உங்களில் யாரையாவது தனியாகக் கூப்பிட்டால் தயங்காமல் போய் வாருங்கள். சோதனையில் தெரிந்த விவரத்தை உங்களிடம் மட்டும் சொல்வார்கள்.

அடுத்த முறை ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. செப்டம்பர் 5-க்குப் பிறகு அண்ணன்மார் வரலாம். கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வாருங்கள். அக்காமார் அக்டோபர் 5-க்குப் பிறகு. மழை தொடங்கி டெங்கு தலைகாட்டும் நேரம் அது, தட்டணு கேட்டுத்தான் அதிகம் போன் வரும். மயில்துத்தத்தில் மிதந்த சொட்டுகளையும் அன்றைக்கு மறுபடி பார்ப்போம்.

அன்புடன்,
முகாம் ஒருங்கிணைப்புக் குழுவினர்,
கடலூர் முதுநகர்