அன்னதானக் கூடத்தில் அலமாரி வைக்க விட்டவர்களுக்கு

சிலாங்கூரின் பாந்திங் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான் எனும் குடியிருப்புகளிலும் வாழும் உறவுகளுக்கு வணக்கம்.

கோயிலில் இயங்கும் எங்கள் சிறு நூலகத்துக்கு உதவியவர்களுக்கு இந்த மடல். நன்றி மடல் என்றால் தலைவர், துணைத் தலைவர் என மேடை வரிசைப்படி தொடங்குவது நம் வழக்கம். நான் கோயில் நிர்வாகத்திலிருந்து தொடங்குகிறேன். அவர்கள் இடம் தராதிருந்தால் வேறு எவருக்கும் நன்றி சொல்லும் வேலையே வந்திருக்காது. அன்னதானக் கூடத்தின் பின்சுவர் ஓரமாக அலமாரிகளை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். திருவிழா நாள்களில் புத்தகங்களைத் துணியால் மூட வேண்டும், பிள்ளைகள் செருப்பை வெளியே விட வேண்டும் என்பவை மட்டுமே நிபந்தனைகள். மின்கட்டணம் ஏறியபோது பொருளாளர் முகம் சுளித்தார். அடுத்த வாரம் அவரே ஒரு மின்விசிறி வாங்கி வந்து மாட்டினார்.

புத்தகப் பெட்டிகளைச் சுமந்து வந்தது செம்பனைக் குலை ஏற்றும் லோரி. ஓட்டுநர் அண்ணன் டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. சில புத்தகங்களில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. யாரும் குறை சொன்னதில்லை.

தோட்ட எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கிராணி ஐயா தம் வீட்டில் அடுக்கி வைத்திருந்த பழைய நாளேட்டுக் கட்டுகளைக் கொடுத்தார். 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோன பிறகு அவற்றின் அருமை கூடிவிட்டது. காடும் சதுப்பு மண்ணும் எரிந்து வந்த 1997-ஆம் ஆண்டின் புகைமூட்டச் செய்திகளையும், 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்ட செய்தியையும் பிள்ளைகள் அந்தக் கட்டுகளிலிருந்து எடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். முகக்கவசம் போட்டுப் பள்ளிக்குப் போனவர்கள்தானே இவர்களும்? பருவநிலை என்ற பாடம் இவர்களுக்கு மூக்கின் வழியாகவே வந்து சேர்ந்தது.

அடுத்த நன்றி, வடக்குக் கோல லங்காட் காட்டு ஒதுக்கீட்டை ஒட்டி வாழும் தெமுவான் பழங்குடி மக்களுக்கும் அவர்களின் ஊர்த்தலைவரான தோக் பாத்தினுக்கும். 1927-இல் ஏறத்தாழ 7,200 ஹெக்டராக ஒதுக்கப்பட்ட சதுப்புக் காடு அது. இன்று ஆயிரம் ஹெக்டர்கூட இல்லை. தேநீர் நிறத் தண்ணீரில் இறங்கி நடக்கவும், எந்தச் செடியைத் தொடக்கூடாது என்று அறியவும் எங்கள் இளையோருக்குக் கற்றுத்தந்தவர் அவர். தண்ணீரில் ஊறி, மக்காமல் கிடக்கும் இலையும் வேரும் மரத்துண்டும்தான் அங்கே மண். உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடே இருக்கும் இத்தகைய நிலங்கள், உலகக் காட்டு மரங்கள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரிமத்தை அடக்கி வைத்திருக்கின்றன. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் அந்த மண் காய்ந்து, தரைக்கு அடியிலேயே எரியும். இப்படி மண் எரிந்து புகையும் ஜோஹான் செத்தியா பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

2020 பிப்ரவரியில் அந்தக் காட்டில் ஏறத்தாழ 931 ஹெக்டரின் பாதுகாப்பு ஒதுக்கீட்டை நீக்கும் திட்டத்துக்கு ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கச் சொல்லி அரசு அறிவிப்பு வந்தது. கிராணி ஐயா அதை வரிவரியாகப் படித்துக் காட்டினார், வரைபடத்தை மேசையில் விரித்து எல்லைக்கோட்டை விரலால் தொடச் சொன்னார். இடைநிலைப்பள்ளி மலாய் ஆசிரியை ஒருவர் கடிதங்களைத் திருத்தினார். ஒரே கடிதத்தில் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் அது ஒரே கடிதம்தான், ஆளுக்கொரு காரணம் எழுதுங்கள் என்று பிடிவாதமாக நின்றார். ஒரு பையன் தன் தங்கையின் ஆஸ்துமாவைப் பற்றி எழுதினான். மாநிலம் முழுவதிலுமிருந்து 40,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் போயின. எங்களுடையவை அதில் ஒரு கைப்பிடி. 2021 ஆகஸ்டில் 536 ஹெக்டருக்கு மேல் ஒதுக்கீட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதாகத் தெரியவந்ததும் பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். செப்டம்பர் 8-ஆம் நாள் அந்த முடிவு கைவிடப்பட்டது. அது எங்களால் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அரசு அறிவிப்பைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடும் பழக்கம் எங்கள் பிள்ளைகளிடம் இல்லாமல் போனது. அந்தப் பெருமை கிராணி ஐயாவையும் ஆசிரியையையும் சேரும்.

தேநீர்க் கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: “நம் பாட்டன்மார் காட்டை அழித்துத்தானே தோட்டம் போட்டார்கள்? நமக்கு என்ன காட்டுப் பாசம்?” நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொன்னவர் எங்கள் வாசகர்களில் மூத்தவரான பால்மரம் வெட்டிய பாட்டி. தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சீட்டை இன்னும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பவர். “அழித்தோம், அப்பா. ஆனால் தோட்டம் கைமாறியபோது லயத்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களே, அந்த மண்ணில் ஓர் அடி நமக்கு வந்ததா? காட்டில் இருப்பவனுக்கும் இப்போது அதே கடிதம் போகிறது” என்றார். பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் படித்துச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நாசி லெமாக் பொட்டலங்களோடு புத்தகங்களையும் வீடு வீடாகக் கொண்டுபோன அக்காவுக்கு நன்றி. 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது, கீழ்த்தட்டுப் புத்தகங்களை மேசைமேல் ஏற்றிக் காப்பாற்றியவர்கள் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பிகள். அவர்களில் ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களுக்காக ஒரு வங்காள மொழி அலமாரி வைக்கவேண்டும் என்று பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். புத்தகம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்களின் பெயரைப் போடவில்லை. வரவு செலவுக் கணக்கு அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

கிராணி ஐயாவுக்குக் கண்புரை அறுவை நடக்கவிருப்பதால், நில வரைபடம் படிக்கத் தெரிந்த இன்னொருவர் உடனடியாகத் தேவை. சனிக்கிழமை மாலையில் வாருங்கள். தேநீர் உண்டு, பொருளாளர் கணக்கில்.

இப்படிக்கு,
நூலகச் செயலாளர்