44 அங்குலத்தை விடு மச்சான்

அன்பின் மச்சான்,

பதில் போடப் பிந்திப்போச்சு, பேசாதை. அம்மாவின்ர கால் நோவு இப்ப எப்பிடி?

விசயத்துக்கு வாறன். புரூஃப் (அச்சுக்கு முன்னம் நிறம் பாக்கிற மாதிரிப் படி) அடிக்க 44 அங்குல இங்க்ஜெட் மிசின்தான் வேணும் எண்டு ஏன் ஒற்றைக்காலிலை நிக்கிறாய்? சுண்ணாகத்திலை உன்னட்டை வாறது கல்வெட்டு (செத்தவருக்கு 31 ஆம் நாள் குடுக்கிற நினைவுப் புத்தகம்), கலியாணக் காட், கோயில் மலர். ஏ2 தாள் 17 அங்குலத்திலை மட்டுமட்டாய்க் கொள்ளும். 24 எடுத்தால் வெட்டுக்குறி, நிறம் அளக்கிற பட்டை எல்லாத்தோடையும் வசதியாய் விழும். மிஞ்சிற காசிலை நிறம் அளக்கிற ஸ்பெக்ரோ ஒண்டு வாங்கு. அளக்கிற கருவி இல்லாத புரூஃப் வெறும் வடிவான படம். பனர் அடிக்கிற சொல்வென்ற் மிசினிலேயே புரூஃப் பாக்கலாம் எண்டவனை நம்பாதை.

எப்சனோ கெனனோ எண்டு கேட்டாய். கெனனின்ர மை துப்புற தலை தேயிற சாமான், நீயே கழட்டி மாத்தலாம். எப்சன் தலை கனகாலம் உழைக்கும், ஆனால் அடைச்சுப் பழுதாய்ப்போனால் ஆள் வரோணும், செலவும் கூட. செம்மஞ்சள், பச்சை, ஊதா மை உள்ள எப்சன் பி7500 எடுத்தால் பாண்டோன் எண்ட எண் போட்ட நிறங்கள் நல்லாய்க் கிட்டும். எதை எடுத்தாலும் யூபிஎஸ் கட்டாயம். அடிக்கேக்கை கரண்ட் போனால் தலை மூடியிலை போய் இருக்காது. சோளகக் காத்திலை மை காஞ்சு நொசில் (தலையிலை மை வாற ஓட்டை) அடைக்கும். வேலை இல்லாத நாளும் ஒரு நொசில் செக் அடி.

அளவு எடுக்கிற ஒழுங்கைக் குழப்பாதை. நொசில் செக், தலை நேராக்கல், தாள் நகர்வு, பிறகுதான் மை எல்லை, அதாவது தாளுக்கு ஆகக்கூடினது எவ்வளவு மை எண்டது. நூறு வீதம் வரமுன்னமே நிறம் ஏறாமல் மை மட்டும் ஏறும். மெஜந்தா சிவப்புக்கும் சயன் நீலத்துக்கும் சாயத் தொடங்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலை நிப்பாட்டு. இதை விட்டால் கறுப்புப் பகுதியெல்லாம் ஒண்டாய்க் குழம்பும், பிறகு எந்த புரொஃபைலும் (மிசினுக்கும் தாளுக்கும் உரிய நிறக் கோப்பு) காப்பாத்தாது. அதுக்குப் பிறகு மை படிப்படியாய்ச் சீராய் ஏறப் பண்ணிற லீனியரைசேஷன், பிறகு புரொஃபைல் செய்ய 1617 கட்டங்கள் உள்ள ஐடி8.7/4 நிற அட்டவணை. அடிச்ச உடனை அளக்காதை, அரை மணித்தியாலமாவது காயட்டும்.

கடைசியிலை ஃபோக்ரா எண்ட ஜெர்மன் அச்சு ஆய்வு நிறுவனத்தின்ர 72 கட்டப் பட்டையை அடிச்சு அள. புரூஃபுக்கான ஐஎஸ்ஓ 12647-7 தரத்தின்படி டெல்டா ஈ 2000 எண்ட நிற வித்தியாசம் சராசரி 2.5 ஐத் தாண்டக்கூடாது, தாள் வெள்ளையின்ர வித்தியாசம் 3 ஐத் தாண்டக்கூடாது. பூச்சுத்தாள் அச்சு நிறங்களுக்கான ஃபோக்ரா 39 எண்டால் அளவுமுறை எம்0, 51 எண்டால் எம்1 (அளக்கிற வெளிச்சத்தின்ர வகை); இதை மாத்திப் போட்டால் வெளுப்பூட்டி உள்ள தாளிலை எண் பொய் சொல்லும். ரெண்டரிங் இன்ரென்ற் (நிறத்தை மாத்திற முறை) அப்சலூட் கலரிமெட்ரிக்காய் இருக்கோணும், அப்பதான் நீ அச்சடிக்கப்போற தாளின்ர மங்கலும் புரூஃபிலை வரும்.

இப்ப எனக்கு உண்மையான பயம். கல்வெட்டின்ர உள்பக்கம் பூச்சில்லாத தாள். அதுக்கு ஃபோக்ரா 39 போட்டு புரூஃப் காட்டினால், அச்சிலை அந்த நிறம் ஒருநாளும் வராது; 52 போடு. சாம்பல் சமநிலை ஒரு சொட்டு நீலத்துக்குச் சாஞ்சாலும் ஐயாவின்ர முகம் செத்த களை அடிக்கும். 31 ஆம் நாள் சனம் அதைத்தான் முதல் பாக்கும். புரூஃபை டி50 எண்ட நிறம் பாக்கிற தர வெளிச்சத்திலை காட்டு, வாசல் வெயிலிலை காட்டிப்போட்டு உள்ளுக்கை எல்ஈடியிலை சண்டை பிடிக்காதை.

காசு கட்ட முன்னம், நீ வழமையாய் அடிக்கிற தாளிலை ரெண்டை எனக்கு அனுப்பு. ஸ்பெக்ரோ இஞ்சை சும்மாதான் கிடக்கு, அளந்து சொல்லுறன்.

அன்புடன்,
உன்ர பழைய மை மண்டை
யாழ்ப்பாணம்