பகலில் வந்து அளந்து சென்றது குறித்து ஒரு திறந்த மடல்

அலைக்கற்றை மேலாண்மைக்கும் அதற்கான பயிற்சிக்கும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு, பினாங்கில் படகுகளுக்கு ரேடியோ பொருத்திப் பழுது பார்க்கும் ஒருவனின் வணக்கம்.

படகு ரேடியோக்களில் அபாய அழைப்புக்கான பதினாறாம் சேனல் பற்றி நாங்கள் கொடுத்த புகார், நேரில் பரிசோதித்தபின் முடித்துவைக்கப்பட்டதாகத் தாங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. வந்த இளைஞர் பண்பானவர். கைத்தொலைபேசிக் கோபுரங்களை அளந்தே பழகிய அவரை, 156.8 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் கடல்சார் அபாய அழைப்புச் சேனலை ஆராய அனுப்பியவர்கள்மீதுதான் எங்களுக்கு வருத்தம். காலை நேரத்தில், விளக்கு எதுவும் எரியாத படகில் நின்று அளந்துவிட்டு, குறுக்கீடு இல்லை என்று எழுதிச் சென்றார். இரவில் எல்.இ.டி. விளக்குகளைப் போட்டதும் ரேடியோ செவிடாகிறது என்பதுதான் புகாரே.

விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் மலிவான மின்சுற்று ரேடியோவில் இரைச்சலைக் கிளப்புகிறது. அதைப் பொறுக்க முடியாமல் படகோட்டி, மெலிந்த ஒலிகளை அடைத்துவைக்கும் ஸ்குவெல்ச் திருகியை ஏற்றிவைக்கிறார். இரைச்சலோடு சேர்ந்து, தொலைவிலிருந்து வரும் மெலிந்த அபாயக் குரலும் அடைபட்டுப்போகிறது. இத்தகைய குறுக்கீடு பற்றி அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது. கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவிகூட வேண்டாம். யாரும் பேசாத சேனலில், இரைச்சல் அடங்கும் விளிம்பில் ஸ்குவெல்ச்சை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டால் போதும். மறுபடி இரைந்தால் காரணம் விளக்குதான். இதை அந்த இளைஞருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

கடல், விமானம், வானிலை போன்ற சிறப்புச் சேவைகளின் அலைக்கற்றையைக் காக்கத் தெரிந்தவர்களை உருவாக்குங்கள் என்றே கேட்கிறோம். வானிலை ராடார்கள் பயன்படுத்தும் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் முறையாக அமைக்கப்படாத வைஃபை கருவி ஒன்று புகுந்தாலே மழைப் படத்தில் பொய்க் கோடு விழும். அதை மழையிலிருந்து பிரித்தறியவும் பழகிய கண் வேண்டும். 5ஜி கருத்தரங்குகளுக்கு ஹோட்டல் மண்டபங்கள் நிரம்புவதில் எங்களுக்கும் மகிழ்ச்சியே. நடுக்கடலில் தண்ணீர் ஏறும் படகிலிருந்து யாரும் வீடியோ பார்க்க விரும்புவதில்லை என்பதையும் அங்கே யாராவது சொல்லியிருப்பார்கள்.

மன்னிக்க வேண்டும், கோபம் முந்திக்கொண்டது. சிறப்புச் சேவைகளுக்கான பயிற்சியைத் தயவுசெய்து தொடங்குங்கள். அதில் ஒரு பகுதியையாவது பினாங்குப் படகுத்துறையில் நடத்துங்கள். தன் படகைப் பயிற்சிக்குத் தர உரிமையாளர் ஒருவர் இசைந்திருக்கிறார். இருட்டிய பிறகு வருமாறு மட்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
படகு ரேடியோ பழுதுபார்ப்பவன், பினாங்கு